செசேஷன்னு எங்க எழுதலாம், எங்க எழுதக் கூடாது

தம்பி, நீங்க கேட்டது மேலோட்டமா பாத்தா ஒரே ஒரு வார்த்தையப் பத்தி. "செசேஷன்னா (cessation) எண்டுதானே (end), அப்ப ஆபீஸ் லெட்டர்ல எண்டு, ஸ்டாப் வர்ற எடத்துல எல்லாம் செசேஷன்னு போட்டா கிராமர் தப்பு வருமா"ன்னு கேட்டிருக்கீங்க. ஆனா கடைசி வரியில சும்மா போற போக்குல ஒண்ணு சொல்லியிருக்கீங்க பாருங்க, தக்கலை பக்கம் ஒரு ஆஸ்பத்திரியில எச்ஆர் செக்‌ஷன்ல புதுசா சேந்திருக்கேன், வேலைய விட்டுப் போற நர்ஸுங்களுக்கு லெட்டர் அடிக்கது எனக்க வேலைன்னு, உண்மையான கேள்வி அதுலதான் இருக்கு. வார்த்தைக்கு அர்த்தம் எந்த டிக்‌ஷனரியிலயும் கெடைக்கும். எந்த முடிவுக்கு எந்த வார்த்தைய எழுதணும், மாத்தி எழுதினா யாருக்கு என்ன கேடு வரும், அதாக்கும் உங்களுக்கு வேண்டியது. நான் வக்கீல் இல்ல, இங்கிலீஷ் வாத்தியாரும் இல்ல. நாகர்கோவில் கோர்ட்டுப் பக்கத்துல உக்காந்து பெட்டிஷன், அக்ரிமென்ட், பிஎஃப் பேப்பர், ட்ரான்ஸ்லேஷன்னு எழுதிக் குடுத்தே வயசாகிப் போன ஆளு, அந்தப் பழக்கத்துல சொல்லுகேன்.

முதல்ல சந்தேகமே இல்லாத விஷயம். செசேஷன் ஒரு பெயர்ச்சொல், இதுக்க வினைச்சொல் சீஸ். ஓடிட்டு இருந்த ஒண்ணு நின்னு போச்சு, அவ்வளவுதான் இது சொல்லும். யாரு நிப்பாட்டினாங்கன்னு சொல்லாது, எதுக்கு நின்னுதுன்னு சொல்லாது, திரும்ப ஓடுமா ஓடாதான்னும் சொல்லாது. அதனால இதுக்குப் பின்னால நின்னு போன காரியம் என்னன்னு கண்டிப்பா வரணும், அதுவும் 'ஆஃப்' போட்டு வரணும்: செசேஷன் ஆஃப் ஒர்க், செசேஷன் ஆஃப் பிசினஸ், செசேஷன் ஆஃப் பேமென்ட். அந்த ஆஃப்புக்குப் பின்னால வர்றது நடந்துட்டு இருந்த ஒரு செயலா இருக்கணும், ஆளோ பொருளோ ஆகாது. செசேஷன் ஆஃப் ஸ்டாஃப் நர்ஸ்னு எழுதினா படிக்கிறவன் அந்தப் பிள்ளைக்கு என்னமோ ஆகிப்போச்சுன்னு பதறுவான். கம்பெனி ஃபார்ம்ல, எல்எல்பிங்க (பொறுப்புக்கு வரம்பு உள்ள பார்ட்னர்ஷிப்) ஃபார்ம்ல எல்லாம் டைரக்டர் செசேஷன், பார்ட்னர் செசேஷன்னு பாத்திருப்பீங்க. அந்தாளு அந்தப் பதவியில இருக்கது நின்னு போச்சுங்கதைச் சுருக்கி வச்ச தலைப்பாக்கும் அது, ஃபார்முக்குள்ள கெடக்கட்டும், அப்படியே காப்பி அடிச்சு லெட்டருக்குக் கொண்டு வராதீங்க.

உங்க ஆஸ்பத்திரியிலயே ஒரு போர்டு இருக்க வாய்ப்பு உண்டு, டொபாக்கோ செசேஷன் சென்டர்னு. 2002ல மத்திய சுகாதாரத் துறை இந்தியாவுல தொடங்கி வச்ச கிளினிக் அதெல்லாம். அங்க ஆஃப் இல்ல, நின்னு போற காரியம் முன்னாடியே வந்துடுது, ஸ்மோக்கிங் செசேஷனும் அப்படித்தான். ரொம்பப் புழங்கிப் புழங்கித் தேஞ்சு வந்த ஜோடி இது. இதைப் பாத்துட்டு நாமளா சேலரி செசேஷன், டியூட்டி செசேஷன்னு ஜோடி சேத்தா காதுக்கு ஒப்பாது, ஆஃப் போட்டே எழுதுங்க.

இப்ப எல்லாரும் சண்டை போடுற எடத்துக்கு வருவோம். செசேஷன்னா நிரந்தரமா நின்னு போறதுதான்னு சில பேரு அடிச்சுச் சொல்லுவாங்க, பள்ளிக்கூடத்துல அப்படிச் சொல்லித் தந்திருப்பாங்களா இருக்கும். எனக்கு அது ஒப்புதல் இல்ல, சட்டப் புஸ்தகமே எனக்க பக்கம் நிக்குது. 1947ம் வருஷத்துத் தொழில் தகராறு சட்டம் இருந்துதுல்ல, அதுல ரெண்டாவது செக்‌ஷன்ல வரிசையா விளக்கம் குடுத்திருக்காங்க. ஸ்ட்ரைக்னா என்னன்னு சொல்லுகதுக்கு அவங்க எடுத்த வார்த்தை செசேஷன் ஆஃப் ஒர்க், தொழிலாளிங்க ஒண்ணா சேந்து வேலைய நிப்பாட்டுகது. ஸ்ட்ரைக் முடிஞ்சா மறுநாள் காலைல வேலைக்குப் போவாங்களா மாட்டாங்களா? கீரிப்பாறை பக்கம் ரப்பர் எஸ்டேட்டுல ஸ்ட்ரைக்குன்னு நின்னவங்க திரும்பப் பால் வெட்டப் போகாமலா இருந்தாங்க? அதே செக்‌ஷன்ல, முதலாளி கதவை அடைக்குத லாக்அவுட்டுக்கு டெம்பரரி குளோசிங்னு தற்காலிகத்தைத் தனியா எழுதியிருக்கு, குளோஷருக்கு பெர்மனென்ட் குளோசிங் டவுன்னு நிரந்தரத்தைத் தனியா எழுதியிருக்கு, செசேஷனுக்கு மட்டும் ரெண்டும் போடல. அந்தச் சட்டத்துக்குப் பதிலா 2020ல வந்த புது தொழில் உறவுக் கோட்லயும் ஸ்ட்ரைக்குக்கு அதே வார்த்தைதான், பாதிப் பேரு அல்லது அதுக்கு மேல ஒரே நாள்ல பேசி வச்சு கேஷுவல் லீவு போட்டாலும் ஸ்ட்ரைக்குதான்னு கூட்டிச் சேத்திருக்காங்க, அவ்வளவுதான்.

இன்னொண்ணு உங்க ஃபீல்டுலயே இருக்கு. 1994ம் வருஷத்து உறுப்பு மாற்றுச் சட்டத்துல மூளைத்தண்டுச் சாவுக்கு விளக்கம் எழுதும்போது வெறும் சீஸ்டுன்னு விடல, பெர்மனென்ட்லி அண்ட் இர்ரிவர்சிபிளி சீஸ்டுன்னு எழுதியிருக்காங்க, நிரந்தரமா, திரும்ப வராதபடி நின்னு போச்சுன்னு. சீஸ்லயே நிரந்தரம்ங்க அர்த்தம் ஒட்டிக் கெடந்தா எதுக்கு அந்த ரெண்டு வார்த்தையையும் வேலை மெனக்கெட்டு முன்னால வைக்கணும்? மெரியம் வெப்ஸ்டர் டிக்‌ஷனரியும் தற்காலிகமாவோ முடிவாவோ நிக்கதுன்னுதான் விளக்கம் குடுக்குது.

உலக நடப்புல பாத்தாலும் இதேதான். 1953 கொரியா போர்நிறுத்த ஒப்பந்தத்துல கம்ப்ளீட் செசேஷன் ஆஃப் ஹாஸ்டிலிட்டீஸ்னு எழுதிட்டு, கடைசி சமாதானத் தீர்வு வர்ற வரைக்கும்னு கூடவே ஒரு வால் வச்சாங்க, அந்தத் தீர்வு இன்னைக்கு வரைக்கும் வரல. இலங்கையில 1995 ஜனவரி 8ம் தேதி அரசாங்கத்துக்கும் புலிகளுக்கும் நடுவுல அமலுக்கு வந்த அறிவிப்புக்குப் பேரே டிக்ளரேஷன் ஆஃப் செசேஷன் ஆஃப் ஹாஸ்டிலிட்டீஸ், ஏப்ரல் 19 அன்னைக்கு அது முறிஞ்சு போச்சு. நூறு நாளு சொச்சம்தான் நின்னுது, ஆனா நின்ன வரைக்கும் அது செசேஷன்தான், வார்த்தையில பிழை கெடையாது.

நம்ம ஊரு உதாரணமே வேணும்னா கடலுக்குப் போவோம். மீன்பிடித் தடைக்காலம் நம்ம மாவட்டத்துக்கு மட்டும் ரெண்டு விதமா வரும்னு உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும். சின்னமுட்டம் கெழக்குக் கரைக் கணக்குல ஏப்ரல் 15லேருந்து ஜூன் 14 வரை, குளச்சல், முட்டம், தேங்காப்பட்டணம் எல்லாம் மேக்குக் கரைக் கணக்குல ஜூன் 1லேருந்து ஜூலை 31 வரை. விசைப்படகு கடலுக்குப் போகாம நிக்குத அந்த ரெண்டு மாசத்தை இங்கிலீஷ்ல எழுதினா டெம்பரரி செசேஷன் ஆஃப் ஃபிஷிங்னு தாராளமா எழுதலாம். டெர்மினேஷன் ஆஃப் ஃபிஷிங்னு எழுதினா சங்கத்துக்காரங்க உங்களைத் தேடி வருவாங்க. அதனால நான் கைக்கொள்ளுகது இதுதான்: எவ்வளவு காலம்ங்கது முக்கியம்னா டெம்பரரி, பெர்மனென்ட், ஃபைனல்னு ஒரு வார்த்தைய முன்னால சேத்துடணும், செசேஷனே அதைச் சொல்லும்னு நம்பி விடக் கூடாது. ஆனா ஒண்ணு ஒத்துக்கணும், அஞ்சு நிமிஷ டீ பிரேக்குக்கும், அரை மணி நேரக் கரண்ட் கட்டுக்கும் செசேஷன்னு எழுதினா தப்புன்னு சொல்ல முடியாட்டாலும் படிக்கிறவன் சிரிப்பான், அதுக்குன்னு உள்ள வார்த்தை இன்டரப்ஷன்.

அடுத்தது இதுக்க சொந்தக்கார வார்த்தைங்க, குழப்பம் பூரா இங்கதான். திருவட்டார் பக்கத்துல ஒரு கசுவண்டி (முந்திரி) ஃபேக்டரி மூடினப்ப முதலாளி ஒரு லெட்டர் அடிச்சுக் கொண்டு வந்தாரு, அண்டி தல்லுகதுக்கும் தோலெடுக்கதுக்கும் வந்த பெண்ணுங்களுக்குக் குடுக்க வேண்டியது. சரி பாத்துக் குடுங்கன்னாரு. அதுல யுவர் சர்வீசஸ் ஸ்டாண்ட் டெர்மினேட்டட் டியூ டு செசேஷன் ஆஃப் பிசினஸ்னு ஒரு வரி. அவரே கேக்காரு, அண்ணாச்சி ரெண்டும் ஒண்ணுதானே, எதுக்கு ரெண்டு வாட்டி, ஒண்ணை வெட்டிடுவோமான்னு. வெட்டக் கூடாது, அந்த வரி அப்படியே கொள்ளாம். பிசினஸ் ஓடிட்டு இருந்துது, நின்னு போச்சு, அது செசேஷன். அந்தப் பெண்ணுங்களுக்க வேலை தானா நிக்கல, இவரு கையெழுத்துப் போட்டு நிறுத்துகாரு, அது டெர்மினேஷன். முதல் வார்த்தைய வெட்டிட்டு செசேஷன் ஆஃப் சர்வீஸ்னு மட்டும் வச்சா, அவங்களா நின்னாங்களா, இவரு நிறுத்தினாரான்னே தெரியாமப் போயிரும், நஷ்டஈடுன்னு பேச்சு வரும்போது அந்த மூடாப்பு யாருக்கு உதவும்னு யோசிச்சுப் பாருங்க. வேலை போன தகராறுன்னு வந்துட்டா லெட்டர்ல உள்ள ஒரு வார்த்தை மட்டும் கேஸை முடிவு பண்ணாது, நடந்தது என்னன்னுதான் பாப்பாங்க, அந்த எடத்துல எனக்க பேச்சை விட்டுட்டு லேபர் கேஸ் பாக்குத வக்கீல்கிட்ட போயிருங்க.

மத்ததை வேகமா சொல்லுகேன். நாள் முடிஞ்சு தானா தீந்து போறது எக்ஸ்பைரி, லைசென்சு, பாலிசி, வாடகை அக்ரிமென்ட் எல்லாம் அது. எடுத்த வேலை முழுசா முடிஞ்சா கம்ப்ளீஷன். கூட்டம், பேச்சு, விழா முடிஞ்சா கன்க்ளூஷன், செசேஷன் ஆஃப் தி மீட்டிங்னு எழுதினா பாதியில சண்டை வந்து கலைஞ்ச மாதிரி இருக்கும். சட்டசபை, கல்யாண பந்தம், பார்ட்னர்ஷிப் இதெல்லாம் கலைஞ்சா டிசொல்யூஷன், கிறிஸ்தவங்களுக்கு உள்ள 1869 விவாகரத்துச் சட்டத்துலயும் 1932 பார்ட்னர்ஷிப் சட்டத்துலயும் அந்த வார்த்தைதான். ஒரு வழக்கத்தையே சட்டம் போட்டு ஒழிச்சா அபாலிஷன், தீண்டாமை ஒழிப்புக்கு அரசியல் சாசனம் 17வது பிரிவுல அதைத்தான் வச்சிருக்கு. ஆளை ஏமாத்துத வார்த்தை ஒண்ணும் உண்டு, 1882ம் வருஷத்துச் சொத்து மாற்றுச் சட்டம் 111வது செக்‌ஷன்ல டிட்டர்மினேஷன் ஆஃப் லீஸ்னு வரும், அதைக் குத்தகை நிர்ணயம்னு மொழிபெயர்த்து வச்ச பேப்பரை நான் பாத்திருக்கேன், அங்க அதுக்கு அர்த்தம் குத்தகை முடிஞ்சு போறது. வருமான வரிக்காரங்க 1961 சட்டத்துல 41வது செக்‌ஷன்ல ரெமிஷன் ஆர் செசேஷன்னு ஜோடியா எழுதியிருந்தாங்க, கடன் குடுத்தவன் மனசு வச்சு விட்டுக் குடுத்தா ரெமிஷன், குடுக்க வேண்டிய பொறுப்பே இல்லாமப் போச்சுன்னா செசேஷன். பாத்தீங்களா, அங்கயும் ஆளு செய்யதுக்கு ஒரு வார்த்தை, தானா நிக்கதுக்கு இன்னொரு வார்த்தை.

இனி உங்க நர்ஸ் லெட்டர். ஒரு பிள்ளை தானா ரிசைன் பண்ணிப் போகுதுன்னா லெட்டர்ல ரெசிக்னேஷன் ஏத்துக்கிட்டோம், இன்ன தேதியில ரிலீவ் பண்ணியாச்சுன்னு எழுதுங்க, செசேஷனும் வேண்டாம் டெர்மினேஷனும் வேண்டாம். நம்ம ஊர்லேருந்து போற நர்ஸுங்க பாதிப் பேரு சவுதி, குவைத்னு பேப்பரைத் தூக்கிட்டுப் போறவங்க, டெர்மினேட்டட்னு ஒரு வார்த்தை தெரியாம விழுந்துட்டா வேலைய விட்டுத் தூக்கிட்டாங்கன்னுதான் அங்க உள்ளவன் படிப்பான், பின்ன அந்தப் பிள்ளை உங்க ஆபீஸ் வாசல்ல வந்து நிக்கும். கான்ட்ராக்ட் காலம் முடிஞ்சு போனா எக்ஸ்பைரி ஆஃப் கான்ட்ராக்ட். வயசாகிப் போனா ரிட்டயர்மென்ட் அல்லது சூப்பர்ஆனுவேஷன். அப்ப செசேஷனுக்கு எச்ஆர்ல எடமே இல்லையான்னா, அருமையான எடம் ஒண்ணு இருக்கு, பொது விதி எழுதுத எடம். ஆன் செசேஷன் ஆஃப் எம்ப்ளாய்மென்ட் ஃபார் எனி ரீசன், ஐடி கார்டும் லாக்கர் சாவியும் திருப்பித் தரணும்னு உங்க ஸ்டாஃப் ரூல்ஸ்ல எழுதினீங்கன்னா ரிசைன் பண்ணினவன், ரிட்டயர் ஆனவன், தூக்கப்பட்டவன் எல்லாரும் அந்த ஒரே வார்த்தைக்குள்ள அடங்கிருவான். யாரு, எதுக்குன்னு சொல்லாததை மேலே குறையா சொன்னேன்ல, இங்க அதுதான் பலம்.

பிஎஃப் பத்தியும் ஒரு வரி, ஏன்னா இதை வச்சு எனக்கு ஃபோன் வராத வாரம் இல்ல. பிஎஃப் சைட்டுல வேலைய விட்ட காரணம் தேர்ந்தெடுக்குத எடத்துல ரிட்டயர்மென்ட், மரணம், நிரந்தர ஊனம் இதுங்க நடுவுல செசேஷன், ஷார்ட் சர்வீஸ்னு ஒண்ணு இருக்கும். அதைப் பாத்துட்டு என்னைய டிஸ்மிஸ் பண்ணினதா போட்டுட்டாங்களேன்னு கரையுத பிள்ளைங்க உண்டு. ஒண்ணும் இல்ல, ரிட்டயர்மென்ட் வயசுக்கு முன்னாடி சாதாரணமா வேலைய விட்டுப் போறவங்களுக்குப் போடுத காரணமாக்கும் அது, கெட்ட பேரு ஒண்ணும் அதுல ஒட்டல.

ஸ்டைல் விஷயத்துல நான் சொல்லுகது எனக்க ருசி, நீங்க ஏத்துக்கணும்னு இல்ல. வினைச்சொல் கையில இருக்கும்போது பெயர்ச்சொல்ல தூக்கிச் சொமக்காதீங்க. தேர் வாஸ் எ செசேஷன் ஆஃப் வாட்டர் சப்ளைன்னு எழுதுகதை விட, வாட்டர் சப்ளை ஸ்டாப்டுன்னு எழுதினா நாலு வார்த்தை மிச்சம், பிளம்பருக்கும் புரியும். சட்டம், மருத்துவம், ஒப்பந்தம், அறிக்கை, இந்த மாதிரி எடத்துல நின்னு போன காரியத்துக்கு ஒரு பேரு வச்சு அதைப் பத்தி மேல பேசணும்னா மட்டும் செசேஷன் எடுங்க. வானிலைக்காரங்க வடகெழக்குப் பருவமழை நின்னு போனதை அப்படிச் சொல்லுவாங்க, தென்மேக்குக்கு வித்ட்ராவல்னு சொல்லுவாங்க, அது அவங்க துறை வழக்கம், ரெண்டு மழையும் நனையுத நம்ம மாவட்டத்துக்காரனுக்கு ரெண்டும் பழகிப் போச்சு. பின்ன 'செசேஷன் ஃப்ரம்'னு பழைய எழுத்துல பாப்பீங்க, செசேஷன் ஃப்ரம் லேபர்னு. ஆளு ஒரு வேலையிலேருந்து ஓய்ஞ்சு நிக்கதுக்கு அது வரும், தப்பில்ல, ஆனா இன்னைக்கு எழுதுத லெட்டர்ல ஆஃப்தான் கொள்ளாம். பன்மையில செசேஷன்ஸ்னு எழுதலாமான்னா இலக்கணம் தடுக்காது, தேவை எப்பயாவதுதான் வரும்.

ஸ்பெல்லிங் பாத்துக்கிடுங்க: சி, இ, ரெண்டு எஸ், ஏ, டி, ஐ, ஓ, என். சீஸ்ல நடுவுல வர்ற இ-யும் ஏ-யும் நெனப்புல இருக்கதால இங்கயும் ஏ-யை நொழைக்கிறவங்க ஜாஸ்தி. சொல்லும்போது நடு அசையை அழுத்தணும், செ-சே-ஷன். செஷன்னு சுருக்கினா அது கோர்ட்டு கூடுத செஷன், இல்லாட்டி நாட்டை, நெலத்தை இன்னொருத்தருக்கு எழுதிக் குடுக்குத செஷன், ரெண்டும் ஒரே மாதிரிதான் கேக்கும், எழுத்து வேற. செசெஷன்னு இன்னொண்ணு, ஒரு நாட்டுலேருந்து பிரிஞ்சு போறது, அதை மாத்தி அடிச்சா லெட்டர் எங்கயோ போயிரும், கம்ப்யூட்டர் செவப்புக் கோடும் போடாது ஏன்னா எல்லாமே சரியான வார்த்தை. அதே மாதிரிதான் டிசீஸ்டும், இறந்தவருன்னு எழுத வேண்டிய எடத்துல நோயாளின்னு அர்த்தம் வர்ற ஸ்பெல்லிங்கை வச்ச வாரிசு சர்டிபிகேட் அப்ளிகேஷன் எத்தனையோ பாத்தாச்சு. இன்னொண்ணு, டிசீஸ்டுக்குள்ள சீஸ்டு இருக்க மாதிரித் தெரியும், லத்தீன்ல ரெண்டுக்கும் மூல வேர் ஒண்ணுதான், ஆனா அர்த்தம் பிரிஞ்சு போச்சு, ஒண்ணு நிக்கது, மத்தது விட்டுப் போறது.

கடைசியா தேதி. டேட் ஆஃப் செசேஷன்னு ஒரு கட்டம் வந்தா அங்க லெட்டர் அடிச்ச தேதியப் போடாதீங்க, காரியம் நெசமா நின்ன தேதியப் போடணும். கம்பெனி டைரக்டர் ராஜினாமாவுக்கு 2013 சட்டம் 168வது செக்‌ஷன்லயே தெளிவா இருக்கு, லெட்டர் கம்பெனிக்குக் கெடைச்ச தேதி, லெட்டர்ல அவரு குறிச்ச தேதி, இதுல எது பிந்தினதோ அதுதான். நர்ஸுக்கு அந்தச் சட்டம் ஒட்டாது, உங்க ஆஸ்பத்திரி ரூல்ஸும் அப்பாயின்ட்மென்ட் ஆர்டரும் சொல்லுகதுதான், அதனால கடைசியா டியூட்டி பாத்த நாளை எழுதி, அன்னைக்கு டியூட்டி முடிஞ்ச நேரத்துலேருந்துன்னு ஒரு வார்த்தை சேத்துடுங்க, அந்த ஒரு நாள் சம்பளம் உண்டா இல்லையான்னு பின்ன யாரும் வந்து கேக்க மாட்டாங்க.